முகவாதத்துக்கு 30,000 ரூபாய் இரத்தப் பரிசோதனை வேண்டுமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் 41 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நாள் வலது காதுக்குப் பின்னால் குத்து எடுத்திருக்கிறது. மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது வாயின் வலது ஓரத்தால் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடப்பக்கம் கோணியிருந்தது, வலது கண் மூடவில்லை. வீட்டில் பக்கவாதம் என்று பயந்துபோனார்கள். முதல்நாள் இரவு மோட்டார் சைக்கிளில் வந்தபோது காற்று அடித்துவிட்டது என்றார் மாமியார். பரிகாரியார் வந்து கன்னத்தில் பத்துப் போட்டார். இரண்டாம் நாள் வைத்தியசாலைக்குப் போக, முகவாதம் என்று சொல்லிப் பத்து நாளுக்குப் பிரெட்னிசொலோன் குளிசை கொடுத்தார்கள். மருந்து தொடங்குமுன் பார்த்த வெறும் வயிற்றுச் சீனி 118. "ஸ்டீராய்ட் கிட்னியைப் பழுதாக்கும்" என்று அயலில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆறாம் நாளே குளிசையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரக் கடைசியில் உதடு மெல்ல அசையத் தொடங்கியிருக்கிறது. இப்போது கண் ஏறத்தாழ மூடுகிறது. ஆனால் வகுப்பில் 'ப', 'ம' வரும் இடமெல்லாம் தடுக்குகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இதற்கிடையில் சுவிஸில் இருக்கும் தம்பி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பியிருக்கிறார். முகவாதம் வந்தவர்களின் இரத்தத்தில் 'ஒக்சிடேற்றிவ் ஸ்ட்ரெஸ்' கூடியிருக்கிறதாம். கொழும்பில் இதைப் பார்க்கிறார்கள், 30,000 ரூபாய் செலவாகும், காசு நான் அனுப்புகிறேன், கூடவே அன்டிஒக்சிடன்ட் போத்தல்களும் வரும் என்கிறார் தம்பி. ஆசிரியையின் கேள்விகள் நான்கு: பரிசோதனையைச் செய்யலாமா? அந்தக் குளிசைகளை எடுக்கலாமா? ஸ்டீராய்டை நிறுத்தியதால் முகம் இப்படியே இருந்துவிடுமா? முகத்துக்குக் கரண்ட் பிடித்தால் கெதியாகச் சுகம் வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்வி கேட்டீர்கள், கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏறத்தாழ மூடுகிறது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்று இரவு நீங்கள் நித்திரையான பிறகு வீட்டில் ஒருவர் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உங்கள் வலது கண்ணைப் பார்க்கட்டும். இமைகளுக்கு நடுவே வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தால், அந்த இடம் விடியும்வரை காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த கருவிழியில் சின்னத் தூசி பட்டாலும் புண் வரலாம். புண் ஆறினாலும் தழும்பு பார்வையில் நிற்கும். முகம் முழுதாகத் திரும்பிய பிறகும் திரும்பாமல் போகக்கூடியது இது ஒன்றுதான். நம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண் எப்படி எரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நன்றாக மூடும் கண்ணுக்கே அந்தப் பாடு. பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, மணிக்கொரு தரம் என்றாலும் பரவாயில்லை. படுக்கும்போது கண்ணுக்கான களிம்பு. வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனாலும் ஹெல்மட்டின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இரவில் இமையைக் கையால் முழுதாக மூடி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டரை ஒட்டச் சொல்லுங்கள். இமை மூடாமல் மேலே பஞ்சை மட்டும் வைத்துக் கட்டினால் பஞ்சு கருவிழியில் உரசும், கட்டாமல் விட்டதைவிட அது மோசம். கண் சிவந்தாலோ, நொந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எலும்புக்குள் வீங்கும் நரம்பு

உங்களுக்கு வந்திருப்பது பெல்ஸ் பால்சி என்ற முகவாதம் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. முதல்நாள் காதுக்குப் பின்னால் நோவு, ஒரே இரவில் முழுப் பக்கமும் விழுந்தது, சாப்பாட்டில் ருசி மாறியது, பாடசாலை மணிச்சத்தம் அந்தக் காதில் மட்டும் பெரிதாகக் கேட்டது. இத்தனையும் ஒரே நரம்பின் வேலை. முக நரம்பு மூளையை விட்டு வந்ததும் காதெலும்புக்குள் சுமார் மூன்று சென்ரிமீற்றர் நீளக் குழாய் ஒன்றினூடாகப் போகிறது. அதன் மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நாக்கின் முன்பகுதி ருசியையும், பெரிய சத்தத்தை மட்டுப்படுத்தும் சின்னத் தசையையும் கவனிக்கும் கிளைகள் இந்த வழியில்தான் பிரிகின்றன.

நம் உடம்பில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஹெர்பீஸ் வைரஸ் மறுபடி தலைதூக்குவதால் நரம்பு அழற்சியாகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அழற்சியானால் வீங்கும். வேறிடம் என்றால் வீங்கிவிட்டு வற்றும், எலும்புக் குழாய்க்குள் வீங்க இடமில்லை. நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன, ஒட்சிசன் குறைகிறது, வீக்கம் தளரும்போது இரத்தம் திரும்பப் பாய்கிறது. இந்தப் போக்குவரத்தில்தான் தம்பி சொன்ன விஷயம் நடக்கிறது. ஒட்சிசனிலிருந்து பிறக்கும், எதையும் தாக்கக்கூடிய மூலக்கூறுகள் அளவுக்கு மீறிச் சேர்கின்றன. அவற்றை அடக்குவதற்கு உடம்பில் குளுட்டாதயோன், கற்றலேஸ், சூப்பரொக்சைட் டிஸ்மியூட்டேஸ் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள், அன்டிஒக்சிடன்ட் என்பது இவர்களைத்தான். காவலைத் தாண்டித் தாக்குதல் கூடினால் அதுதான் ஒட்சியேற்ற அழுத்தம், தம்பி சொன்ன 'ஒக்சிடேற்றிவ் ஸ்ட்ரெஸ்'. நரம்பின் உறை பெரும்பகுதி கொழுப்பு, ஆகவே எளிதில் பழுதாகும். கொழுப்பு இப்படிக் கெடும்போது மிஞ்சும் கழிவு ஒன்றின் பெயர் மலோன்டைஅல்டிஹைட். கட்டுரைகளில் எம்.டி.ஏ. என்று வருவது இதுதான்.

ஆக, தம்பி அனுப்பியது கட்டுக்கதையில்லை. முகவாதக்காரர்களையும் சுகதேகிகளையும் ஒப்பிட்ட பல சிறிய ஆய்வுகளில், நோயாளிகளின் பக்கம் இந்தக் கழிவுகளின் சராசரி கூடியும் காவல் பொருட்களின் சராசரி குறைந்தும் இருந்திருக்கிறது. எல்லா ஆய்வும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை, எல்லாக் குறியீடும் ஒரே திசையில் போகவுமில்லை. ஆனால் யோசனையில் நியாயம் இருக்கிறது.

உங்கள் இரத்தம் என்ன சொல்லும்?

நீங்கள் ஆசிரியை, இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள். 10 ஏ வகுப்பின் கணிதச் சராசரி 62, 10 பி வகுப்பின் சராசரி 55 என்று வைப்போம். ஒரு பிள்ளை 58 புள்ளி எடுத்திருக்கிறது. அது எந்த வகுப்புப் பிள்ளை? சொல்ல முடியாது. இரண்டு வகுப்பிலும் 58 எடுத்த பிள்ளைகள் இருப்பார்கள். இந்த ஆய்வுகளிலும் அதே கதைதான். நோயாளிகளின் அளவுகளும் நோயில்லாதவர்களின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி கிடைக்கிறது. உங்கள் தாளில் வரும் ஒற்றை எண்ணை வைத்து, இவருக்கு நரம்பு இவ்வளவு பழுது, இத்தனை வாரத்தில் சுகம் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. இதற்குமேல் போனால் ஆபத்து என்று முகவாதத்துக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட எல்லை எண்ணும் கிடையாது.

அடுத்தது, அந்த இரத்தம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? கை மடிப்பிலிருந்து. ஐந்து லீற்றர் இரத்தம் உடம்பு முழுக்கச் சுற்றிவருகிறது. காதெலும்புக்குள் இருக்கும் நூல்போன்ற ஒரு நரம்பின் துன்பம் மட்டும் அதில் தனியாகத் தெரியுமா? சீனி கூடினால், புகைத்தால், தடிமன் காய்ச்சல் வந்தால், உடம்பு பருத்தால், கடும் வேலை செய்தால், இந்தக் குறியீடுகள் எல்லாம் ஏறி இறங்கும். உங்களுக்கு ஏற்கெனவே சீனி எல்லையில் நிற்கிறது. எண் கூடி வந்தால் அது முகத்தாலா, சீனியாலா? முகவாதத்துக்கு அது காரணமா, விளைவா? வந்த பிறகு ஒருமுறை எடுத்த இரத்தத்தை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது.

பிறகு நடைமுறைச் சங்கடம். எம்.டி.ஏ.யை அளக்க வழக்கமாகப் பாவிக்கும் நிறமாற்றச் சோதனையில் வேறு பொருட்களும் நிறம் கொடுக்கும். செங்குருதிக் கலங்கள் உடைந்தால், கலத்துக்குள் இருந்த காவல் நொதியங்கள் வெளியே கொட்டி எண்ணைக் குழப்பிவிடும். மாதிரியை எடுத்த கையோடு சுழற்றிப் பிரித்து, ஆழக் குளிரில் வைக்க வேண்டும். இங்கே எடுத்த குழாய் இரவு பஸ்ஸிலோ கூரியரிலோ குலுங்கிக் கொழும்பு போய்ச் சேருவதை நினைத்துப் பாருங்கள். நீங்களே நேரில் போய்க் கொடுத்தாலும் இப்போது ஆறு வாரம் கடந்துவிட்டது, நடுவில் ஸ்டீராய்டும் எடுத்திருக்கிறீர்கள். முதல் நாள் என்ன நடந்தது என்று இன்றைய இரத்தத்திடம் கேட்டுப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடை எதுவாக இருந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வந்த பெல்ஸ் பால்சிக்கு வழமையாக இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. ஆய்வில் இரத்தம் கொடுத்தவர்கள் அதற்குக் காசு கட்டியிருக்க மாட்டார்கள் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். நாளைக்கு இங்கேயே யாராவது ஆய்வென்று உங்களிடம் இரத்தம் கேட்டால், எழுத்தில் விளக்கம் கேளுங்கள், விருப்பமென்றால் கொடுங்கள், விருப்பமில்லையென்றால் மறுக்கலாம். மறுத்தால் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது, அது உங்கள் உரிமை.

தம்பி அனுப்பும் போத்தல்கள்

நீங்கள் எழுதிய பட்டியலில் விற்றமின் ஈ 400 அலகு, செலனியம் 200 மைக்ரோகிராம், அல்பா லிப்போயிக் அமிலம் 600 மில்லிகிராம் இருக்கின்றன. ஒட்சியேற்றம் கூடினால் எதிர்மருந்தை விழுங்கினால் சரி என்பது கேட்க நேரான கணக்குத்தான். உடம்பு அப்படி நடப்பதில்லை. இதே மூலக்கூறுகளை வைத்துத்தான் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்கின்றன, கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. எலிகளில் முக நரம்பை நசுக்கி இப்படியான பொருட்களைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் உண்டு, சிலவற்றில் நல்ல பலனும் தெரிந்தது. மனிதரில் பெல்ஸ் பால்சிக்கு இவற்றைக் கொடுங்கள் என்று சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

பலன் இல்லாவிட்டாலும் தீமை இல்லைத்தானே என்று கேட்பீர்கள். அதையும் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரற்றீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 வீதம் கூடியது. அமெரிக்காவில் 35,000க்கு மேற்பட்ட ஆண்களுக்கு, உங்கள் பட்டியலில் உள்ள அதே அளவு விற்றமின் ஈயும் செலனியமும் கொடுத்துப் பார்த்தார்கள். விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் 17 வீதம் கூடியதாக 2011இல் அறிவித்தார்கள். நீங்கள் பெண், புகைப்பதுமில்லை, அந்த எண்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தா. ஆனால் விற்றமின் தானே என்ற தைரியத்துக்கு அடிப்படை இல்லை என்று காட்ட இது போதும். செலனியம் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். அல்பா லிப்போயிக் அமிலம் சீனியை இறக்கக்கூடியது, நாளைக்கு உங்களுக்குச் சீனிக் குளிசை தொடங்கினால் இரண்டும் சேர்ந்து சீனியை அதிகம் இறக்கித் தலைசுற்ற வைக்கலாம். அஸ்பிரின், வார்பரின் எடுப்பவர்கள் கூடிய அளவு விற்றமின் ஈயைத் தொடவே கூடாது.

வைத்தியசாலையில் தந்த மெதில்கோபாலமின் வேறு, அது பி12. பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம், எடுத்தால் பாதகமும் இல்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, நெல்லிக்காய், கொய்யா, வாவி மீன் என்று நம் சாப்பாட்டிலேயே இந்தப் பொருட்கள் வேண்டிய அளவு வருகின்றன. அவற்றை முகத்துக்கு மருந்தென்று நினைத்துச் சாப்பிட வேண்டாம், சாப்பாடென்று சாப்பிடுங்கள்.

நிறுத்திய ஸ்டீராய்ட்

இதில் உங்களை நீங்களே குற்றம் சொல்லி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கொட்லாந்தில் 551 நோயாளிகளை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வைச் சொல்கிறேன். மூன்று நாளுக்குள் பிரெட்னிசொலோன் தொடங்கி, நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் பத்து நாள் எடுத்தவர்களில் 94.4 வீதமானோர் ஒன்பது மாதத்தில் முழுச் சுகம். அதை எடுக்காதவர்களிலும் 81.6 வீதம் சுகமானார்கள். மருந்து நிச்சயம் உதவுகிறது, ஆனால் மருந்தே இல்லாதவர்களிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். நீங்கள் இரண்டாம் நாளே தொடங்கி, பாதியளவு எடுத்துவிட்டீர்கள். ஆறாம் நாள் நிறுத்தியது நல்ல முடிவில்லை, அதற்காக நரம்பு கெட்டுவிட்டது என்றும் இல்லை. பத்து நாள் ஸ்டீராய்ட் கிட்னியைப் பழுதாக்காது. அது ஏற்றுவது சீனியை, பிறஷரை. அந்தப் பயத்தை அயலில் சொல்லாமல் கிளினிக்கில் சொல்லியிருந்தால் சீனியை அளந்துகொண்டு தொடர்ந்திருப்பார்கள். இப்போது மிச்சக் குளிசையைத் தேடி எடுத்து விழுங்க வேண்டாம், ஆறாம் வாரத்தில் அதனால் பயனில்லை.

உங்கள் பக்கம் இருக்கும் நல்ல அறிகுறி வேறொன்று. கொப்பன்ஹேகனில் பைற்றர்சன் என்ற வைத்தியர் சிகிச்சையே கொடுக்காமல் 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளைக் கண்காணித்து 2002இல் எழுதினார். 85 வீதமானோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு தொடங்கியது, மற்றவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் எடுத்தது. உங்கள் உதடு மூன்றாம் வாரக் கடைசியில் அசைந்திருக்கிறது. எந்த இரத்தக் குறியீட்டையும்விட எனக்கு அந்தச் செய்தி பெறுமதியானது.

கரண்ட் பிடிப்பது பற்றி: பலன் உறுதியாகக் காட்டப்படவில்லை, காசு கொடுத்துத் தேடிப்போக வேண்டாம். கண்ணாடி முன் இருந்து, மெதுவாக, இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் அளவுக்கு மட்டும் அசைத்துப் பழகுங்கள். பலம் போட்டு முகத்தைச் சுளித்தால், நரம்பு வளரும்போது இணைப்பு மாறி, சிரிக்கக் கண் மூடும் நிலை வந்துவிடுமோ என்ற கவலை உண்டு. சுவிங்கம் மென்றால் முகம் பலப்படும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாம் நரம்பு, உங்களுக்கு வருத்தம் ஏழாம் நரம்பில். மென்றால் தாடை நோவதுதான் மிச்சம். பத்தைக் கண்ணுக்குக் கிட்டப் போட விடாதீர்கள்.

அந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம்?

சீனிக்கு. வெறும் வயிற்றில் 118 என்பது சாதாரணமில்லை, சீனி வருத்தம் என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவே. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முகவாதம் கூடுதலாக வருகிறது. வெறும் வயிற்றுச் சீனியை மறுபடி பாருங்கள், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி.யையும் பாருங்கள். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம். சில நாள் ஸ்டீராய்ட் எடுத்ததைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பிறஷரும் அளக்கட்டும். இவற்றில் அரச வைத்தியசாலையில் செய்யக்கூடியவற்றுக்கு ஒரு சதமும் தேவையில்லை, மிஞ்சும் காசில் நல்ல கண்ணீர்த் துளியும் கண்ணாடியும் வாங்கலாம்.

மூன்றாம் மாதம் முடியும்போதும் கண்ணோ வாயோ முழுதாகத் திரும்பவில்லை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு கட்டாயம் போங்கள். ஸ்கான் தேவையா என்பதை அப்போது அவர்கள் முடிவெடுப்பார்கள். அதற்கு முன்னரே போக வேண்டிய காரணங்களும் உண்டு: திரும்பிய அசைவு மறுபடி குறைவது, மற்றப் பக்கமும் விழுவது, காதில் கொப்புளமோ சீழோ வருவது, காதுக்குக் கீழே கட்டி தட்டுப்படுவது, கைகால் விறைப்பது. இன்னொன்றையும் தயக்கமில்லாமல் சொல்கிறேன். உடம்பில் எங்காவது வெளிறிய, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் காட்டுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொழுநோய் இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, அது முக நரம்பையும் தொடும், கண் மூடாமல் செய்யும். உங்கள் கதை அதைப்போல இல்லை, ஒரே இரவில் வந்தது. இருந்தாலும் பார்த்துவிடுவதில் நட்டமில்லை. தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த மாந்தீவை நினைத்து யாரும் ஒளிக்க வேண்டிய காலம் போய்விட்டது. இன்றைக்குக் கூட்டு மருந்தில் ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் சுகமாகிறது, மருந்தும் இலவசம்.

வீட்டாருக்கும் ஒரு சொல். காற்றடித்ததோ, பக்கவாதமோ என்று முகத்தைப் பார்த்து வீட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், முகவாதத்தில் நெற்றியும் சேர்ந்து விழும். அந்த வித்தியாசத்தைப் பார்ப்பது வைத்தியரின் வேலை. முகம் திடீரென்று கோணினால் பத்துப் போடுமுன் வைத்தியசாலை வாசலில் நிற்க வேண்டும். பக்கவாதமென்றால் மணித்தியாலங்கள் முக்கியம், முகவாதமென்றால் முதல் மூன்று நாள்.

பாடசாலைக்குப் போவதற்கு இந்த வருத்தம் தடையில்லை, தொற்றவும் மாட்டாது. 'ப', 'ம' வரும் இடத்தில் விரலால் வலது உதட்டோரத்தை லேசாகத் தாங்கிப் பேசிப் பாருங்கள், சத்தம் தெளியும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், புருவம் உயர்த்தி, கண் மூடி, பல் தெரியச் சிரித்து, போனில் சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்த வீடியோக்களையும் பழைய மருந்துத் துண்டையும் எடுத்துப் போங்கள். தம்பியின் போத்தல் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தால், திறக்காமல் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.